வேறு மாநிலத்திலிருந்து சென்னைக்குக் குடிவந்தவர்கள் ஓட்டுநர் உரிமத்தையும் வண்டியின் பதிவெண்ணையும் மாற்றிக்கொள்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

பெங்களூருவிலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்தபோது, காரை வேறு மாநிலத்தில் பதிவு செய்வதற்குப் பழைய அலுவலகம் தரும் தடையில்லாச் சான்றைக் கையோடு வாங்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில், வண்டி எந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குப் போகிறது என்று கேட்கும் கட்டத்தில் அண்ணா நகரைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். அப்போது நாங்கள் அங்கே ஒரு உறவினர் வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருந்தோம். மூன்று வாரம் கழித்து வாடகை வீடு அமைந்ததோ திருவான்மியூரில். அந்த ஒரு கட்டத்தைத் திருத்துவதற்காக மறுபடியும் பெங்களூருவுக்கு ஒரு பயணம், ஒரு நாள் விடுப்பு, மீண்டும் ஒரு விண்ணப்பம். என்னென்ன தாள்கள் வேண்டும் என்பதை யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். எந்தத் தாளை முதலில் முடிக்க வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை. ஆளை அலையவிடுவது அந்த வரிசைதான் என்பதால், இங்கே எல்லாவற்றையும் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் சட்டம் கேட்பது என்ன

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 13-ஆம் பிரிவின்படி இந்தியாவில் எங்கே வாங்கிய ஓட்டுநர் உரிமமும் நாடு முழுவதும் செல்லும். 46-ஆம் பிரிவின்படி ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி மற்ற எல்லா மாநிலங்களிலும் பதிவானதாகவே கொள்ளப்படும். ஆகவே கே.ஏ., கே.எல்., எம்.எச். என்று தொடங்கும் எண் பலகையோடு சென்னைச் சாலையில் போவது மட்டுமே குற்றமாகிவிடாது. சிக்கல் 47-ஆம் பிரிவில் தொடங்குகிறது. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை 12 மாதங்களுக்கு மேல் இன்னொரு மாநிலத்தில் வைத்திருந்தால், அந்தப் புதிய மாநிலத்தின் பதிவெண்ணுக்கு உரிமையாளர் விண்ணப்பித்தாக வேண்டும். அந்த 12 மாதம் முடிந்ததிலிருந்து விண்ணப்பிக்க 30 நாள் அவகாசத்தை மத்திய மோட்டார் வாகன விதிகளின் 54-ஆம் விதி தருகிறது. இதற்கு முன்பே, வீடு மாறிய 30 நாளுக்குள் புதிய முகவரியைப் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்று 49-ஆம் பிரிவு தனியாகக் கூறுகிறது.

இந்த 12 மாதக் கணக்கைப் பிடித்துக்கொண்டு பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். பதிவெண்ணுக்கான கெடு வேறு, மாநிலத்தின் சாலை வரி வேறு என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. வரி என்பது தமிழ்நாடு மோட்டார் வாகன வரிவிதிப்புச் சட்டம், 1974-இன் கீழ் வருவது. மத்தியச் சட்டம் தரும் 12 மாதம் அதற்கும் பொருந்தும் என்று நாமாக எடுத்துக்கொள்ள முடியாது. சென்னையிலேயே நிலையாக இருக்கப்போகிறோம் என்று உறுதியானவர்கள் ஆண்டு முடியும்வரை காத்திருக்க எந்தக் காரணமும் இல்லை. வண்டியின் வயது ஏற ஏற வரி குறையுமே என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். குறைவது உண்மைதான், ஆனால் சோதனையில் நிறுத்தப்பட்டு, வண்டி எப்போது மாநிலத்திற்குள் வந்தது என்று நிரூபிக்க முடியாமல் நிற்பவருக்கு அந்தக் கணக்கு கைகொடுக்காது. வந்த நாளைக் காட்டும் சான்றுகளை, அதாவது வீட்டுச் சாமான் ஏற்றிவந்த பேக்கர்ஸ் நிறுவனத்தின் ரசீது, அன்றைய சுங்கச்சாவடிக் கழிவு விவரம், வாடகை ஒப்பந்தத்தின் தேதி ஆகியவற்றை ஒரு உறையில் போட்டு வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கெல்லாம் இந்த வேலை தேவையில்லை என்பதையும் சொல்லிவிடலாம். எட்டு, பத்து மாதப் பணிக்காக வந்து திரும்பிப் போகப்போகிறவர்கள் பதிவெண்ணைத் தொட வேண்டாம். பி.எச். வரிசை எண் வைத்திருப்பவர்களுக்கும் மாநிலம் மாறும்போது பதிவெண் மாற்றம் கிடையாது. 2021 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த அந்த வரிசை, பாதுகாப்புப் படையினர், மத்திய மாநில அரசு ஊழியர்கள், பொதுத்துறை நிறுவன ஊழியர்கள், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்கள் ஆகியோருக்கானது. அதில் வரியை இரண்டிரண்டு ஆண்டுகளாகக் கட்டுவார்கள். பதினைந்து ஆண்டுப் பதிவுக்காலம் முடியும் தறுவாயில் இருக்கும் பழைய வண்டியை வைத்திருப்பவர்கள், மறுபதிவு, புதுப்பிப்பு, வரி என்று மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, பழைய ஊரிலேயே விற்றுவிட்டு வருவது லாபமா என்று யோசிப்பது நல்லது. என்னிடமிருந்த பன்னிரண்டு வயது ஸ்கூட்டரை அப்படித்தான் பெங்களூருவிலேயே விற்றேன், அதில் வருத்தமில்லை.

முகவரி அமையாமல் எதையும் தொடங்காதீர்கள்

எல்லாவற்றுக்கும் அடிப்படை சென்னை முகவரிச் சான்று. உரிமத்தின் முகவரி, தடையில்லாச் சான்றில் எழுதப்படும் அலுவலகத்தின் பெயர், புதிய பதிவுச் சான்றிதழ் தபாலில் வந்து சேரும் இடம் ஆகிய அனைத்தும் அதிலிருந்துதான் தொடங்குகின்றன. எனவே தங்கும் இடம் நிலையாகும்வரை வண்டி வேலையைத் தள்ளிவையுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், பதினொரு மாத ஒப்பந்தத்தை நூறு ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். பதிவு எண் இருக்கும் ஒப்பந்தம் அலுவலகங்களில் எளிதாகச் செல்லும். வீட்டுக்காரர் தயங்கினால், "ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலைக்காகத்தான் சார்" என்று காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள், வரிக்காகக் கேட்கிறோமோ என்ற அச்சம்தான் பெரும்பாலும் அவர்களைத் தடுக்கிறது.

அடுத்து ஆதாரில் முகவரியை மாற்றுங்கள். 2021 மார்ச்சில் மத்திய அரசு உரிமம், பதிவு தொடர்பான 18 சேவைகளை ஆதார் சரிபார்ப்பு மூலம் அலுவலகத்திற்கு வராமலேயே பெற வழிசெய்தது. 2022 செப்டம்பரில் அந்த எண்ணிக்கை 58 ஆனது. ஆதாரில் பழைய ஊர் முகவரியே இருந்தால் இந்த வசதியின் பாதிப் பயன் போய்விடும். ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண் உயிரோடு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒருமுறைக் கடவுச்சொல் பழைய நிறுவனம் தந்த எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தால், மற்ற எதுவும் நகராது.

இனிஷியல் என்னும் தனிச் சிக்கல்

இது தமிழர்களுக்கே உரிய தொல்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். நாம் அப்பாவின் பெயரை ஓரெழுத்தாகச் சுருக்கி முன்னால் வைப்பவர்கள். வெளிமாநிலத்தில் வண்டி வாங்கும்போது ஷோரூம்காரர் படிவத்தின் "கடைசிப் பெயர்" கட்டத்தை நிரப்பியாக வேண்டுமே என்று அந்த ஓரெழுத்தை விரித்துப் பின்னால் போட்டுவிடுவார். விளைவாக, ஆதாரில் ஆர். குமார், உரிமத்தில் குமார் ஆர்., வண்டியின் பதிவுச் சான்றிதழில் குமார் ராமசாமி, வங்கிக் கணக்கில் வேறொன்று என்று ஒரே ஆள் நான்கு பேராகிவிடுகிறார். கணினி இவர்களை நான்கு பேராகவே பார்க்கும்.

விண்ணப்பம் போடும் முன்பே இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்துவதற்கு எளிதானது ஆதார்தான். அதைப் பதிவுச் சான்றிதழில் உள்ளபடி மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள். முடியாதபோது, இரண்டு பெயரும் ஒரே நபரைக் குறிப்பவை என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, பள்ளிச் சான்றிதழ் அல்லது பாஸ்போர்ட் நகலை இணைத்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டி அப்பா பெயரில் இருந்து, அவர் வேறு ஊரில் இருந்தால், விண்ணப்பமும் கையெழுத்தும் அவருடையதாகவே இருக்க வேண்டும். அதை உங்கள் பெயருக்கு மாற்றுவதாக இருந்தால் 29, 30-ஆம் படிவங்களும் சேர்ந்துகொள்ளும். இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில் முடிப்பதே நல்லது.

ஓட்டுநர் உரிமம்: எளிய பாதி

உரிமத்தைப் பொறுத்தவரை புதிதாகத் தேர்வு எழுத வேண்டியதில்லை, எட்டு போட்டுக் காட்ட வேண்டியதும் இல்லை. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் உரிமத்துக்கான சாரதி பகுதியில் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து, உரிம எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்தால் உங்கள் விவரம் வர வேண்டும். வந்துவிட்டால் முகவரி மாற்றச் சேவையைத் தேர்ந்தெடுத்து, புதிய முகவரியை நிரப்பி, ஆதார் வழியாகவோ ஆவணங்களைப் பதிவேற்றியோ அதை உறுதிசெய்து, கட்டணத்தைச் செலுத்துங்கள். முகவரி மாற்றத்திற்கான மத்திய விதிக் கட்டணம் 200 ரூபாய். அட்டைக்கான கட்டணம் தனி. உரிம எண் பழையபடியே தொடரும். கே.ஏ. என்று தொடங்கும் எண்ணோடு சென்னை முகவரி அச்சான அட்டை வருவதைப் பார்த்துப் பிழை என்று எண்ண வேண்டாம்.

விவரம் வரவில்லை என்றால், உங்கள் உரிமம் இன்னும் கணினியில் ஏறவில்லை என்று பொருள். பழைய புத்தக வடிவ உரிமம் வைத்திருப்பவர்களுக்கு இது நேர்வதுண்டு. வழங்கிய அலுவலகம்தான் அதைச் சாரதியில் ஏற்ற வேண்டும். சென்னை அலுவலகம் இதில் எதுவும் செய்ய இயலாது. அதனால்தான் பழைய ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே, ஐந்து நிமிடம் ஒதுக்கி உங்கள் எண்ணைத் தேடிப் பார்த்துவிடுங்கள் என்கிறேன்.

உரிமம் காலாவதியாக ஓராண்டுக்குள்தான் இருக்கிறது என்றால் முகவரி மாற்றத்தைப் புதுப்பித்தலோடு சேர்த்துச் செய்யலாம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு, முடிவதற்கு ஓராண்டு முன்பிருந்து முடிந்த ஓராண்டு வரை புதுப்பிக்க முடியும். அதைத் தாண்டினால் மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டியிருக்கும். நாற்பது வயதைக் கடந்தவர்கள் 1ஏ மருத்துவச் சான்றைப் பதிவு பெற்ற மருத்துவரிடம் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 2024 பிப்ரவரி இறுதியிலிருந்து தமிழ்நாட்டில் உரிமமும் பதிவுச் சான்றிதழும் விரைவுத் தபாலில் மட்டுமே வீட்டுக்கு அனுப்பப்படுகின்றன. அலுவலகத்தில் போய்க் கையில் வாங்கும் பழக்கம் போய்விட்டது. எனவே முகவரியில் கதவு எண் பழையதா புதியதா, எந்த மாடி, அருகில் என்ன அடையாளம் என்பதையெல்லாம் தெளிவாக எழுதுங்கள். சென்னைத் தெருக்களில் "பழைய எண் 14, புதிய எண் 31" என்று இரண்டும் இருக்கும் வீடுகளுக்கு இரண்டையுமே எழுதுவதுதான் பாதுகாப்பு.

தடையில்லாச் சான்று: பழைய ஊரில் முடிக்க வேண்டியது

இனி வண்டி. பழைய மாநிலத்தின் பதிவு அலுவலகம் 48-ஆம் பிரிவின் கீழ் தரும் தடையில்லாச் சான்று, அதாவது எல்லோரும் என்.ஓ.சி. என்று சொல்வது, இல்லாமல் சென்னையில் எதுவும் தொடங்காது. அதற்கான விண்ணப்பம் 28-ஆம் படிவம். விண்ணப்பிக்கும் முன் நான்கு விஷயங்களை முடித்துவிட வேண்டும்.

கடன். வண்டி வங்கிக் கடனில் இருந்தால் வங்கியின் எழுத்துப்பூர்வச் சம்மதம் தேவை. கடன் முடிந்திருந்தும் பதிவுச் சான்றிதழில் வங்கியின் பெயர் அப்படியே நிற்பது மிகப் பரவலான குறை. கடன் முடிந்த கடிதத்தை வாங்கி பீரோவில் வைத்தால் போதாது. 35-ஆம் படிவத்தோடு அதைப் பதிவு அலுவலகத்தில் கொடுத்துப் பெயரை நீக்க வேண்டும். எச்.பி. கேன்சல் என்று சொல்லப்படும் இந்த வேலையைத் தடையில்லாச் சான்றுக்கு முன்பே முடியுங்கள்.

அபராதம். நிலுவையில் உள்ள எல்லா மின்னணு அபராதச் சீட்டுகளையும் கட்டிவிடுங்கள். பெங்களூருவில் சிக்னலில் கோட்டைத் தாண்டி நின்றதற்காக எனக்கே தெரியாமல் இரண்டு சீட்டு இருந்தது. விண்ணப்பம் நின்ற பிறகுதான் பார்த்தேன்.

வரியும் காப்பீடும். சாலை வரி கட்டிய ரசீது, நடப்பில் உள்ள காப்பீடு, புகைச் சான்று ஆகிய மூன்றும் வேண்டும். வாழ்நாள் வரி ரசீதின் நகலை இரண்டாக எடுத்து வையுங்கள். கடைசியில் வரித் தொகையைத் திரும்பக் கேட்கும்போது அது தேவைப்படும்.

காவல்துறைச் சரிபார்ப்பு. வண்டி திருட்டு வழக்கு எதிலும் இல்லை என்பதைச் சான்று வழங்கும் அலுவலகம் உறுதிசெய்ய வேண்டும் என்பது சட்டம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் பதிவெண், சேசிஸ் எண், என்ஜின் எண் ஆகியவற்றைக் கொடுத்து இதற்கான அறிக்கையை நாமே எடுத்துக்கொள்ளலாம். எடுத்து அச்சிட்டுக் கையில் வைத்திருந்தால் வேலை விரைவாக முடிகிறது.

இனி சேசிஸ் பிரிண்ட். 28-ஆம் படிவத்தில் சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சு ஒட்டப்பட வேண்டும். பார்ப்பதற்குச் சிறு வேலை; ஆனால் அரை மணி நேரம் பிடிக்கும். காரில் அந்த எண் பெரும்பாலும் பானெட்டுக்குள் பின்சுவரிலோ முன் இருக்கைக்கு அடியில் தரைவிரிப்பை விலக்கினால் தெரியும் இடத்திலோ இருக்கும். மோட்டார் சைக்கிளில் ஹேண்டில்பாரின் கீழே சட்டகத்தின் கழுத்தில் இருக்கும். அந்த இடத்தில் படிந்த எண்ணெயும் தூசியும் கலந்த கறுப்புப் படலத்தை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, முழுவதும் காய்ந்த பிறகு, மெல்லிய வெள்ளைத் தாளை அழுத்திப் பிடித்து, மென்மையான பென்சிலைச் சாய்த்துத் தேய்க்க வேண்டும். ஈரம் இருந்தால் தாள் கிழியும். பென்சிலை நிமிர்த்திப் பிடித்தால் எழுத்து விழாது. பதினேழு எழுத்துகளும் தெளிவாக விழும்வரை மூன்று நான்கு தாள் வீணாகும். நல்லதாக ஐந்து பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், சென்னையிலும் கேட்பார்கள். அலுவலக வாசலில் இதையே செய்து கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள்தான், ஆனால் துரு ஏறிய எண்ணில் 1-ஐயும் 7-ஐயும் குழப்பி எடுத்த அச்சைப் பின்னால் யார் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியவர் உரிமையாளர்தான்.

இவை தயாரானதும் பரிவாகனின் வாகன் பகுதியில் பதிவெண்ணைக் கொடுத்துத் தடையில்லாச் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம். எந்த மாநிலம், எந்த அலுவலகம் என்ற கேள்வி வரும்போது நான் செய்த பிழையைச் செய்யாதீர்கள். திருவான்மியூர் டி.என். 07, கே.கே. நகர் டி.என். 09, அண்ணா நகர் டி.என். 02, மந்தைவெளி டி.என். 06, அயனாவரம் டி.என். 01, தாம்பரம் டி.என். 11, பூந்தமல்லி டி.என். 12, அம்பத்தூர் டி.என். 13, சோழிங்கநல்லூர் டி.என். 14, மீனம்பாக்கம் டி.என். 22 என்று சென்னையிலும் சுற்றிலும் பல அலுவலகங்கள் உள்ளன. அருகில் இருப்பதாக நாம் நினைக்கும் அலுவலகமும், நம் தெரு எதன் எல்லைக்குள் வருகிறதோ அந்த அலுவலகமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எல்லை ஒரு சாலையின் நடுவே ஓடும். அதே தெருவில் அண்மையில் வண்டி வாங்கியவர் ஒருவரின் எண் பலகையைப் பார்ப்பதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு அலுவலகத்திலும் ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சட்டப்படி விண்ணப்பம் கிடைத்த 30 நாளுக்குள் அலுவலகம் சான்றை வழங்க வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். எதுவும் தெரிவிக்காவிட்டால் சான்று வழங்கப்பட்டதாகவே கொள்ளப்படும். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. நடைமுறையில், பழைய அலுவலகம் கணினியில் சான்றை ஏற்றாதவரை புதிய அலுவலகத்தின் திரையில் உங்கள் வண்டி தெரியாது. முப்பது நாள் கடந்துவிட்டது என்று வாதிட்டால் தலையாட்டிவிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். எனவே விண்ணப்ப எண்ணை வைத்து வாரம் ஒருமுறை நிலையைப் பார்த்து, தேங்கி நின்றால் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் நினைவூட்டுங்கள். எனக்கு ஐந்து வாரம் ஆனது.

சென்னை அலுவலகத்தில்

தடையில்லாச் சான்று கைக்கு வந்தவுடன் 27-ஆம் படிவத்தில் புதிய பதிவெண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும். முகவரி மாற்றத்திற்கான 33-ஆம் படிவமும் உடன் செல்லும். கடன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் 34-ஆம் படிவம் வேண்டும். அசல் பதிவுச் சான்றிதழ், தடையில்லாச் சான்று, வண்டி வாங்கியபோது ஷோரூம் தந்த அசல் பில், காப்பீடு, புகைச் சான்று, முகவரிச் சான்று, பான் அட்டை நகல், சேசிஸ் பிரிண்ட் ஆகியவற்றை ஒரே கோப்பில் அடுக்குங்கள். மத்திய விதிப்படி பதிவெண் வழங்கும் கட்டணம் இருசக்கர வண்டிக்கு 300 ரூபாய், சொந்தப் பயன்பாட்டுக் காருக்கு 600 ரூபாய். அட்டைக் கட்டணம் இதோடு சேரும். இவையெல்லாம் சில்லறை. பெரிய செலவு வாழ்நாள் வரி.

தமிழ்நாட்டில் 2023 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, புதிய கார் 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ளதானால் 12 சதவீதமும், 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதமும், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதமும், அதற்கு மேல் 20 சதவீதமும் வரி. இருசக்கர வண்டிக்கு 1 லட்சம் வரை 10, அதற்கு மேல் 12 சதவீதம். வெளிமாநிலத்தில் ஏற்கெனவே ஓடிய வண்டிக்கு அதன் வயதைப் பொறுத்து இந்தச் சதவீதம் ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே போகும். வயது முதல் பதிவு நாளிலிருந்து கணக்கிடப்படும். விலைக்கு ஆதாரம் அந்த ஷோரூம் பில். பில் தொலைந்தவர்கள் விற்ற நிறுவனத்திடம் நகல் கேட்டு முத்திரையோடு வாங்கிவிடுங்கள். தொகையைத் தரகர் வாயிலாகக் கேட்டு மலைத்துப் போகாமல், அலுவலகத்திலேயே கணக்கிடச் சொல்லி, இணையத்தில் நீங்களே கட்டி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வு நாளன்று வண்டியை நேரில் காட்ட வேண்டும். காலை பத்து மணிக்குப் போனால் வரிசை நீண்டுவிடும். ஒன்பதரைக்கே மைதானத்தில் நிறுத்துங்கள். மோட்டார் வாகன ஆய்வாளர், இன்னும் பலர் வாயில் பிரேக் இன்ஸ்பெக்டர், வண்டியைச் சுற்றி வருவார். கைப்பேசியின் விளக்கை அடித்துச் சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் எழுத்தெழுத்தாக வாசித்துக் கோப்போடு ஒப்பிடுவார். என் காரில் பானெட்டைத் திறந்து அவர் குனிந்தபோது, "துடைச்சு வச்சிருக்கீங்களே, நல்லது" என்றார். முந்தின வண்டிக்காரர் தண்ணீர் பாட்டிலோடு ஓடிக்கொண்டிருந்தார். நிறம் மாற்றியிருந்தால், எரிவாயு சிலிண்டர் பொருத்தியிருந்தால், முன்னால் இரும்புத் தடுப்பு மாட்டியிருந்தால், கண்ணாடியில் கறுப்பு ஒட்டி இருந்தால், எல்லாம் இங்கே வெளிவரும். சான்றிதழில் ஏறாத மாற்றத்தை முதலிலேயே நீக்கிவிடுங்கள்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஏஜென்ட்களைப் பற்றி ஒரு சொல். படிவம் நிரப்பத் தெரியாதவருக்கு அவர்கள் உதவுகிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் அசல் பதிவுச் சான்றிதழையும் தடையில்லாச் சான்றையும் யாரிடமும் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். இந்த இரண்டும் தொலைந்தால் இரண்டு மாநிலத்திலும் நீங்கள் அலைய வேண்டும்.

எண் ஒதுக்கப்படும்போது கூட்டுத்தொகை எட்டு வந்துவிடுமோ என்று கவலைப்படுபவர்கள் நம்மூரில் உண்டு. அப்படிப்பட்டவர்கள் பிடித்த எண்ணுக்குரிய கட்டணத்தைக் கட்டி, எண் விழுவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். விழுந்த எண்ணைப் பிறகு மாற்றச் சொல்ல முடியாது. எனக்கு எட்டுதான் வந்தது. வண்டி நன்றாகவே ஓடுகிறது.

புதிய எண் வந்த பிறகு

எண் பலகையைத் தெருவோரக் கடையில் எழுதிக்கொள்ள வேண்டாம். 2019 ஏப்ரல் 1 முதல் விற்பனையான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு எண் பலகை கட்டாயம். அதை வண்டி நிறுவனத்தின் டீலர் வழியாகப் புதிய எண்ணுக்கு மறுபடியும் வாங்க வேண்டும். காரின் முன் கண்ணாடியில் ஒட்டும், மூன்றாவது எண் பலகையாகக் கொள்ளப்படும் சிறிய ஸ்டிக்கரும் புதிதாக வர வேண்டும். பெட்ரோல் வண்டிக்கு வெளிர் நீலம், டீசலுக்கு ஆரஞ்சு. பழைய பலகையைக் காயலான் கடையில் முழுதாகப் போடாமல் இரண்டாக வெட்டிப் போடுங்கள்; நம் பழைய எண்ணில் வேறொருவர் சுற்றுவதற்கு வழிவிட வேண்டாம்.

காப்பீட்டு நிறுவனத்திற்குப் புதிய எண்ணையும் முகவரியையும் உடனே தெரிவித்துப் பாலிசியில் திருத்தம் வாங்குங்கள். பாலிசியில் ஒரு எண், பலகையில் வேறு எண் என்ற நிலையில் விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுக்கு வாதாட வேண்டியிருக்கும். சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸ் போய்விடாது. கார்க் காப்பீட்டில் சென்னை ஏ மண்டலம். பெங்களூரு, ஹைதராபாத், மும்பையிலிருந்து வருபவர்களுக்கு அதே மண்டலம்தான். சிறு ஊரிலிருந்து வருபவர்களுக்கு வண்டிச் சேதக் காப்பீட்டின் பிரீமியம் சற்று கூடும்.

ஃபாஸ்டேக்கை நான் மறந்துவிட்டேன். பழைய எண்ணில் பதிவான ஃபாஸ்டேக்கோடு ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள நெமிலி சுங்கச்சாவடிக்குப் போய்ச் சேர்ந்தபோது, திரையில் ஒரு எண்ணும் பலகையில் வேறொரு எண்ணும் இருக்க, பின்னால் நின்ற லாரிக்காரர்களின் ஹார்ன் சத்தத்துக்கு நடுவே பதிவுச் சான்றிதழைத் தேடினேன். புதிய சான்றிதழின் படத்தை ஃபாஸ்டேக் வழங்கிய வங்கிக்கு அனுப்பி எண்ணை மாற்றுவதற்குச் சில நாள் ஆகும். நெடுஞ்சாலைப் பயணத்திற்கு முன்பே முடித்துவிடுங்கள். டிஜிலாக்கரிலும் எம்பரிவாகனிலும் பழைய எண்ணை நீக்கிப் புதிய எண்ணைச் சேருங்கள்; அவற்றில் காட்டப்படும் சான்றிதழைக் காவலர்கள் ஏற்க வேண்டும் என்பது 2018-ஆம் ஆண்டு முதல் விதியிலேயே இருக்கிறது.

கடைசி வேலை, பழைய மாநிலத்தில் கட்டிய வாழ்நாள் வரியில் மீதிக் காலத்துக்கான தொகையைத் திரும்பப் பெறுவது. பலர் இதை அலுப்பில் விட்டுவிடுகிறார்கள். கார்க்காரர்களுக்கு அது கணிசமான தொகை. வண்டி முதலில் பதிவான அலுவலகத்தில், புதிய தமிழ்நாட்டுப் பதிவுச் சான்றிதழின் நகல், பழைய சான்றிதழின் நகல், தடையில்லாச் சான்றின் நகல், வரி ரசீது, ரத்து செய்த காசோலை ஆகியவற்றோடு விண்ணப்பிக்க வேண்டும். இதனால்தான் அசல்களைச் சென்னையில் ஒப்படைக்கும் முன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைக்கச் சொல்கிறேன். வங்கிக் கணக்கில் உள்ள பெயர் பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரோடு ஒத்திருக்க வேண்டும், இனிஷியல் உட்பட. விண்ணப்பத்தை விரைவுத் தபாலில் அனுப்பினால் அதன் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்; பதில் வராவிட்டால் அந்த ரசீதின் தேதியைக் குறிப்பிட்டுத்தான் அடுத்த கடிதத்தை எழுத வேண்டியிருக்கும்.